எர்த் ராடு சுமந்த கொம்பையா அடியார்

இந்தக் காலத்து ஆள்கள் நம்பக்கூடாததை எல்லாம் நம்புகிறார்கள். செல்போனில் முகம் தெரியாத எவனோ அனுப்பியதை நம்பி மருந்து தின்கிறார்கள். சுவிட்சைத் தட்டியாயிற்று, இனிக் கரண்ட் இருக்காது என்று நம்பி ஈரக்கையோடு மோட்டாரைத் தொடுகிறார்கள். அதே ஆள்கள் கோயிலுக்குள் நுழைந்துவிட்டால் சந்தேகம் பிடித்துக்கொள்ளும். விளக்குப் போட்டால் நடக்குமா, எத்தனை வாரம் போடவேண்டும், போன தடவை போட்டது வீணாய்ப் போயிற்றே என்று சாமியிடம் பேரம். நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் இதைத் தலைகீழாகச் செய்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் கம்பியை ஒருநாளும் நம்பவில்லை. கடவுளை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

தாமிரபரணிக்குத் தெற்கே செங்கமலப்புதூரில் அஞ்சேல்நாதர் கோயில் இருக்கிறது. அந்த ஊர் மின்சார ஆபீசில் வயர்மேனாக இருந்தவர் கொம்பையா. பியூஸ் போட்டுத் தருவது, கம்பத்தில் ஏறுவது, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டுவது, இதுதான் வேலை. காலையில் ஆபீசுக்குப் போகும் முன் காக்கிச் சட்டையோடு கோயிலுக்கு வருவார். கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போகமாட்டார். அங்கே நின்று, பையிலிருந்து ரப்பர் கையுறைகளை எடுப்பார். ஒவ்வொன்றின் வாயையும் சுருட்டி உள்ளே காற்றை அடைப்பார். பிறகு காதருகே வைத்து ஒவ்வொரு விரலாக அமுக்குவார். கட்டைவிரலை அமுக்கும்போது ‘ந’. அடுத்த விரலுக்கு ‘ம’. இப்படிச் சுண்டுவிரல் வரும்போது ‘ய’. ஐந்து விரலுக்கும் ஐந்தெழுத்து. எந்த விரலிலாவது காற்று ஒழுகும் சத்தம் கேட்டால் அந்தக் கையுறையை அன்று போடமாட்டார். கேட்காவிட்டால் கும்பிட்டுவிட்டுப் போவார். அவருடைய பூசை அவ்வளவுதான்.

ஆரம்பத்திலிருந்து அவர் இப்படி இருக்கவில்லை. அவருடைய தம்பி சுடலையும் அதே ஆபீசில்தான் வேலை பார்த்தார். ஒருநாள் வயற்காட்டில் ஒரு கம்பத்தடியில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான். கொம்பையா அதை நம்பி, “ஏறுல, ஆஃப் ஆயிட்டாம்” என்றார். ஆஃப் ஆனது பக்கத்து லைன். சுடலையைக் கீழே இறக்கியபோது அவருடைய கை மட்டும் இன்னும் கம்பியைப் பிடித்ததுபோல மடங்கி இருந்தது.

காரியம் முடிந்த மறுநாளே கொம்பையா கொடிமரத்தடியில் வந்து நின்றார். “தெனம் வந்து கும்புட்டியே, ஒஞ்சாமி தம்பியக் காப்பாத்திச்சாவே?” என்று ஒருவர் கேட்டார். ஆறுதல் சொல்ல வந்தவர்தான். நம் ஊரில் ஆறுதல் அப்படித்தான் இருக்கும்.

“சாமி ஆஃப்னு சொல்லல, அண்ணாச்சி. நாந்தான் சொன்னேன்” என்றார் கொம்பையா.

அதற்குப் பிறகு அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மனைவியையும் தம்பி மகளையும் ஒரு தகரக்கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றினார். ஆபீஸ் சாமான் அறைக்குப் போய் எர்த் ராடைத் தேடினார். முனையில் கொக்கி வைத்த மூன்று நீளக் கோல்கள் அவை. கோல்களிலிருந்து வரும் செம்புக் கயிற்றை முதலில் மண்ணில் அடித்த இரும்பு முளையில் மாட்டவேண்டும். பிறகு கோல்களை மூன்று கம்பியிலும் தொங்கவிடவேண்டும். அதற்குமேல் எந்த வழியாகக் கரண்ட் திருட்டுத்தனமாக வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும், மனிதன் உடம்புக்குள் போகாது. ஆபீசில் அந்தக் கோல்களில் துணி காயப்போட்டிருந்தார்கள். கொம்பையா ஈரத் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கோல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் அவை அந்தச் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

யார் சொன்னாலும், எதைக் காட்டினாலும், ராடு மாட்டாமல் கம்பியைத் தொடமாட்டார். ஐந்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் ஆகும். ‘ராடு சாமியார்’ என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை சுண்டுவிரல் ஒழுகும் கையுறையைக் கொடுத்து ஏறச் சொன்னபோது மறுத்தார். “நமசிவா வரைக்கும் சரியா இருக்காம், ய-ல தான் ஓட்டையாம்” என்று ஆபீசே சிரித்தது. அத்தோடு அவரைக் கம்பத்திலிருந்து இறக்கிச் சாமான் சுமக்க விட்டார்கள். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த தளவாய் போர்மேன் ஆகி அவரை ஏவினார். கொம்பையா கோபப்படவில்லை. சாமான்களோடு ராடையும் சுமந்தார்.

ஆனித் தேரோட்டம் வந்தது. கொம்பையா ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

செங்கமலப்புதூர்த் தேர் உயரமானது. வடக்கு ரதவீதி முக்கில் பதினோராயிரம் வோல்ட் கம்பி தெருவுக்குக் குறுக்கே போகிறது. தேர் வரும்போது கரண்டை நிறுத்தி, கம்பத்தில் ஏறி, கம்பிகளை அவிழ்த்துத் தரையில் தாழ விடவேண்டும். தேர் தாண்டியதும் கட்டவேண்டும். காலையிலேயே கோயில் மதிலுக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்பார்மருக்குப் போய், தெருக்களுக்குப் போகும் பியூஸ் கட்டைகளை எல்லாம் பிடுங்கிச் சாக்கில் போட்டுவிடுவார்கள். கோயிலுக்குப் போகும் மூன்று கட்டைகளை மட்டும் தொடமாட்டார்கள். தேர் நாளில் அதைப் பிடுங்கினால் சாமி வீட்டு விளக்கை நம் கையால் அணைத்த பாவம் என்று ஒரு பேச்சு. யார் தொடங்கிய பேச்சோ தெரியாது. கொம்பையா வருடாவருடம் கேட்டுப் பார்ப்பார், அதையும் பிடுங்கிவிடலாம் என்று. “கோயில் கட்டையத் தொட்டா கை இருக்காது” என்பார் தேர்க்கமிட்டித் தலைவர் வன்னியபெருமாள்.

அந்த வருடம் மைக்செட் இசக்கி புதிதாக ஒரு பெரிய ஜெனரேட்டரை லாரியில் கொண்டுவந்து மதிலுக்குள் நிறுத்தியிருந்தான். கரண்ட் நின்றாலும் கோயிலில் விளக்கும் மைக்கும் நிற்காது என்று எல்லோருக்கும் பெருமை.

நான் வடம் பிடிக்கும் கூட்டத்தில் நின்றேன். தேர் வடக்கு முக்கில் வந்து நின்றுவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பத்தடியில் தளவாய், ஏறப்போகும் லைன்மேன் பொன்னுத்துரை, சாமான் சுமந்துவந்த கொம்பையா மூன்று பேரும் நின்றார்கள். பொன்னுத்துரைக்கு மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கம்பி அவிழ்ப்பவருக்குத் தேரிலிருந்து மாலை வரும் என்று ஆசையாக இருந்தான்.

“சப் ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணியாச்சு. இந்தப் பக்கம் சுவிட்சத் திறந்து பூட்டும் போட்டாச்சு. அந்தா பாரும், சுவிட்சுக் கத்தி மூணும் கம்பிய விட்டு வாயத் தொறந்துட்டு நிக்கி” என்று தளவாய் மேலே காட்டினார். “இன்னும் எங்கேருந்துவே வரும் கரண்ட்?”

“வராத வழியா வரும். ராடு மாட்டிருதேன் போர்மேன். கால் மணி நேரம்.”

தேரடியிலிருந்து வன்னியபெருமாள் வேர்க்க விறுவிறுக்க வந்தார். “கால் மணி நேரத்துல எமகண்டம் பொறந்துரும். சாமி ரோட்டுல வேகுதாரு. தெனம் கோயிலுக்கு வாரீரே, சாமி மேல நம்பிக்க இல்லையா ஒமக்கு?”

“சாமிய நம்புதேன், மொதலாளி. அஞ்சாதேன்னு அவரு சொல்லுதாரு, சரி. கம்பி அப்படிச் சொல்லலயே.”

கூட்டம் சிரித்தது. “கம்பி வாயத் தொறந்து சொன்னாலும் இவரு அதுக்கு ரெண்டு சாட்சி கேப்பாரு” என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். சொல்லிவிடுவது நல்லது.

அதற்குள் பொன்னுத்துரை கம்பத்தில் நாலடி ஏறிவிட்டான். கொம்பையா பாய்ந்து அவன் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விடும் பெரியவரே, ஊரே பாக்கு.”

“எந்தம்பிய நாந்தான் ஏறச் சொன்னேன். ஒன்னைய ஏறாதன்னு சொல்லுதேன். எறங்கு.”

“நாளைக்கி ஒம்ம மேல ரிப்போர்ட் எழுதுவேன்” என்றார் தளவாய். “வேலையத் தடுத்தீருன்னு எழுதுவேன். எட்டு மாசத்துல வீட்டுக்குப் போவணும்னு நெனப்பு இருக்கட்டும்.”

“எழுதுங்க. இப்ப இவன எறக்குங்க.”

பெல்ட்டை விடுகிற மாதிரி தெரியவில்லை. பொன்னுத்துரை திட்டிக்கொண்டே இறங்கினான். கொம்பையா முளையை மண்ணில் அடித்தார். குடத்துத் தண்ணீரை முளையைச் சுற்றி ஊற்றினார். செம்புக் கயிற்றை மாட்டினார். பிறகு, அத்தனை கூட்டமும் முணுமுணுக்கும்போது, கையுறைகளை எடுத்து, வாயைச் சுருட்டி, காதில் வைத்து விரல் விரலாக அமுக்கினார். உதடு அசைந்தது. ய வரைக்கும் போனார். கையுறையை மாட்டினார்.

முதல் கோலைத் தூக்கிக் கம்பியில் தொங்கவிட்டார். சின்னதாக ஒரு பொறி. யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். தளவாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கோலை எடுத்தார். கோயில் மதிலுக்குள் மைக் தொடங்கியது. “பக்தகோடிப் பெருமக்கள் அமைதியாக” என்று இசக்கியின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

இரண்டாவது கோல் கம்பியைத் தொட்டது. வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். நீல வெளிச்சம் பட்டப்பகலில் கண்ணைக் கூசவைத்தது. மதிலுக்குள் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. மைக் பாதிச் சொல்லில் அணைந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் நின்ற தெருவில் தேர்க்குடை மணி ஆடுவது மட்டும் கேட்டது.

கொம்பையா கோலை விடவில்லை. கோயில் பக்கம் பார்த்து, “கோயில் கட்டை” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நடந்தது இதுதான். கரண்ட் நின்றதும் இசக்கி ஜெனரேட்டரைக் கோயில் போர்டில் கொடுத்திருக்கிறான். வெளியே போகும் வழியை அடைக்கும் பெரிய கைப்பிடியைக் கீழே இறக்க மறந்துவிட்டான். ஜெனரேட்டர் கரண்ட் கோயில் வயர் வழியாகப் பின்னோக்கிப் போய், பிடுங்காமல் விட்ட மூன்று கட்டை வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் ஏறி, பதினோராயிரமாகப் பெருகி, செத்த கம்பி என்று எல்லோரும் சொன்ன கம்பிக்கு வந்துவிட்டது. சப் ஸ்டேஷன் பூட்டியிருந்தது, சுவிட்சு திறந்திருந்தது. சாமி வீட்டு வாசல் வழியாக வந்தது அது.

பொன்னுத்துரை கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அவனை ஏறச் சொன்ன தளவாய் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தார். வன்னியபெருமாளே கோயில் கட்டையைப் பிடுங்க ஆள் விட்டார். பிடுங்கியாயிற்று என்று ஆள் வந்து சொன்னபோது கொம்பையா நம்பவில்லை. தாமே நடந்துபோய்ப் பார்த்து, மூன்று கட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது கோலையும் மாட்டிவிட்டு, “இப்ப ஏறு, ராசா” என்றார். தேர் எமகண்டத்தில்தான் திரும்பியது. ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் உற்சவரின் மாலைகளைக் களைந்த ஐயாவு குருக்கள், விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். அஞ்சேல்நாதரின் வலது கை அஞ்சாதே என்று விரித்த கை. அந்த உள்ளங்கையில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு வடு. காலையில் அலங்காரம் செய்தபோது இல்லை என்றார். புளி போட்டுத் தேய்த்தார்கள், திருநீறு போட்டுத் தேய்த்தார்கள். போகவில்லை.

“கரண்டைச் சுவாமி கையில வாங்கிண்டிருக்கார். கொம்பையாவைக் கூட்டிண்டு வாங்கோ” என்றார் குருக்கள்.

முதல்முறையாகக் கொடிமரத்தைத் தாண்டி அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். தலையில் பரிவட்டம் கட்டினார்கள். சாமி கழுத்து மாலையைப் போட்டார்கள். ரிப்போர்ட் எழுதுவேன் என்ற தளவாய் பின்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொம்பையா பரிவட்டத்தைக் கவனிக்கவில்லை. அந்த உள்ளங்கையையே பார்த்தார். தம்பி செத்தபோதுகூட ஊர் முன்னால் அழாதவர், அப்போது அழுதார்.

“வெறுங்கையோட வாங்கிட்டீரே, ஐயா” என்றார்.

பையைத் திறந்தார். கையுறைகளை எடுத்து, சுருட்டி, ஐந்தெழுத்தும் சொல்லி அமுக்கிப் பார்த்தார். ஒழுக்கு இல்லை என்று தெரிந்த பிறகே அவற்றைச் சாமி காலடியில் வைத்தார்.

பிறகு எட்டு மாதம் ஆபீசில் புதுக் கையுறை கேட்டு வாங்கி வேலை பார்த்தார். ஓய்வு பெற்றார். தம்பி மகளுக்குக் கலியாணம் செய்துவைத்தார். மூன்று வருடத்துக்கு முன் கட்டிலில் படுத்து, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். கம்பி அவரை ஒன்றும் செய்யவில்லை.

இப்போது செங்கமலப்புதூரில் புது வழக்கம். தேர் நாளில் வடம் தொடும் முன் கோயில் கட்டை மூன்றையும் பிடுங்கி, தாம்பாளத்தில் பூவோடு வைத்துச் சாமி முன்னால் கொண்டுவருகிறார்கள். பொன்னுத்துரைதான் தாம்பாளம் ஏந்துகிறான். பக்கத்தில் அந்தப் பழைய கையுறைகளும் இருக்கும்.

இந்த ஆனிக்கு நானும் போனேன். குருக்கள் தீபத்தைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். நன்றாகக் குனிந்து பார்த்தேன். கறுப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். தேரில் அன்று எத்தனை கற்பூரத் தட்டு காட்டியிருப்பார்கள், எந்தத் தட்டு கிட்டே போயிற்றோ யாருக்குத் தெரியும்.

“தெரியறதோ?” என்றார் குருக்கள்.

“கறுப்பு தெரியுது, சாமி” என்றேன்.

கம்பியைச் சந்தேகித்து, கடவுளைச் சந்தேகிக்காமல், ஓர் உயிரை ஊருக்குத் திருப்பித் தந்த கொம்பையா அடியாரின் பாதத்துக்கு என் கும்பிடு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளியே வந்தேன். தாம்பாளத்தில் மூன்று கட்டை இருந்தன, எண்ணினேன். ஆனால் அவை கோயில் கட்டைதானா, சாக்கில் கிடந்த தெருக் கட்டையா என்று பூவை விலக்கி யார் பார்த்தார்கள். மேளம் தொடங்கிவிட்டது. எல்லோரும் வடத்துக்கு ஓடினார்கள். நான் மதிலைச் சுற்றி டிரான்ஸ்பார்மர் பக்கம் நடந்தேன்.