முதலாளி மென்ற முறுக்கு

விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் உளுந்தின் மேல்தோலான தொலியைக் கூட்டி அள்ளும் வேலை பார்த்தாள் செண்பகவல்லி. வேதியியல் படித்தவள். அந்தத் தொலியிலிருந்து எடுக்கும் பசை எண்ணெய்ப் பலகாரத்தைக் கெடாமல் காக்கும், அதை எடுக்க மில்லில் காலியாகக் கிடக்கும் கொட்டகையைத் தாருங்கள் என்று முதலாளி தர்மலிங்கத்திடம் கேட்டாள்.

வியாபாரிகள் முன்னால் அவர் சிரித்தார். "மாடு திங்கிறதை மனுசனுக்கா? நல்லாருக்குன்னு என் வாயாலேயே சொல்ல வை, கொட்டகையத் தாரேன். முடியலேன்னா வேலைய விட்டுப் போயிரணும்."

அவள் தொலியைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆல்கஹால் ஊற்றி, அடியில் படிந்த பசையைக் காயவைத்துப் பொடித்தாள். அதைக் கலந்து ஓர் ஈடு முறுக்கு சுட்டாள். கலக்காமல் ஓர் ஈடு.

ஒரு மாதம் கழித்து, அதே வியாபாரிகள் இருக்கும்போது இரண்டு தட்டோடு வந்தாள். "எது புதுசுன்னு நீங்கதான் சொல்லணும் முதலாளி. உங்க நாக்குக்குத் தப்பாதாமே."

அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஒன்றைக் கடித்துத் துப்பினார். "சிக்கு வாடை." மற்றதை ரசித்து மென்றார். "இது இன்னைக்குச் சுட்டது. நல்லாருக்கு."

"ரெண்டும் போன மாசம் ஒரே நாள்ல சுட்டதுங்க. நீங்க நல்லாருக்குன்னு சொன்னதுலதான் தொலிப்பசை இருக்கு."

வியாபாரிகள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினார்.

"கொட்டகைய எடுத்துக்கம்மா," என்றார். "இந்தத் தட்ட மட்டும் இங்கயே வச்சிட்டுப் போ."