ஜாவாவா, பைத்தானா?

சரவணம்பட்டி மென்பொருள் நிறுவனம் ஒன்றில் தலைமை நிபுணர் ரங்கமணி வைத்ததுதான் சட்டம். ஒப்பந்த ஊழியர் செண்பகவல்லி பைத்தான் மொழியில் நிரல் எழுதிவிட்டாள். முதலாளி முன்னாலேயே அவர் சீறினார்.

"ஜாவாவுக்கு முன்னால இதெல்லாம் ஒரு மொழியாம்மா? ஜாவாவை இப்பவே ஜெயிச்சுக் காட்டு. இல்லைன்னா நாளையிலிருந்து வேலை கிடையாது."

"சரிங்க சார். உங்க லேப்டாப்புல ஜாவாவில் 'வணக்கம்'னு ஒரு வரி வரவழைங்க. நான் தோத்ததா ஒத்துக்கிட்டுக் கிளம்பிடறேன்."

சிரித்தபடி தட்டினார் ரங்கமணி. 'ஜாவா இந்தக் கணினியில் நிறுவப்படவில்லை' என்று லேப்டாப்போடு இணைத்திருந்த சுவர்த்திரையில் வந்தது. ஆறு வருடமாக அந்த லேப்டாப்பில் ஓடியது பவர்பாயிண்ட் மட்டுமே.

செண்பகவல்லி தன் கணினியைத் தட்டினாள். 'வணக்கம்' வந்தது.

"ஜாவா நல்ல மொழிதாங்க சார். ஆனா ஆட்டத்துக்கு வந்தது பைத்தான்தானுங்களே?"

முதலாளியே முதலில் கைதட்டினார். அன்று மாலையே அவள் வேலை நிரந்தரமானது.