ஏணிக்கு ஒரு செம்புக் கம்பி

"ஒன்பது வருசமாச்சுங்க மேடம். வெளிச்சம் நல்லா இருக்குன்னு ஒருத்தராவது வந்து சொன்னதில்லைங்க," என்றார் மாரப்பன்.

பொற்கொடி குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். உள்ளரங்க நீச்சல் குளங்களுக்கு விளக்கு அமைப்பதில் கோவையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மாரப்பன் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் தொழிலில் சிஷ்யன்தான்.

குடியிருப்பின் அந்தப் புதுக் குளத்தில் இருவரைத் தவிர யாருமில்லை. நாலு மணிக்குக் குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு. அதற்குள் மின்வேலை எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று மாரப்பன் கையெழுத்துப் போட வேண்டும்.

"சமையல்காரரைக்கூடக் கூப்பிட்டுப் பாராட்டறாங்க. என்னைத் தேடி யாரும் வர்றதில்லைங்க. வீட்டுக்குப் போனாலும் சுவத்தைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

பாவம், மனுஷனுக்கு நிஜமாகவே மனசு கனத்திருந்தது.

பொற்கொடி தண்ணீருக்குள் எரிந்த விளக்குகளைப் பார்த்தார். எல்லாம் ஆபத்தில்லாத பன்னிரண்டு வோல்ட். கூரை விளக்கு ஒன்றுகூடத் தண்ணீருக்கு நேர்மேலே இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு எவர்சில்வர் ஏணியருகே குனிந்தார்.

"இதுக்கு எர்த் கம்பி எங்கே?"

"அது வெறும் ஏணிங்க மேடம். நேத்துத்தான் வேற ஆளுங்க வந்து மாட்டினாங்க. அதுல ஏதுங்க கரண்ட்?"

பொற்கொடி நிமிர்ந்தார்.

"என்னைத் தேடி ஒருத்தர் வந்தார். ரொம்ப வருசத்துக்கு முன்னால."

மாரப்பனுக்குப் பொறாமையாக இருந்தது. "என்ன சொன்னாருங்க?"

பொற்கொடி தன் கருவிப்பையில் தொங்கிய நீச்சல் கண்ணாடியைக் கழற்றினார். மாரப்பன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அது அங்கேதான் தொங்குகிறது. எதற்கென்று மாரப்பன் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஒண்ணும் சொல்லலை. இதை மேசைமேல வெச்சுட்டுப் போயிட்டார்."

மாரப்பன் கையில் வாங்கினார். அவர் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது.

"அங்கேயும் விளக்கெல்லாம் சரியாத்தான் இருந்தது. மோட்டார்ல கசிஞ்ச கரண்ட் ஏணிக்கு வந்துருச்சு. அதைப் பிடிச்சது அவரோட குழந்தை. அந்த ஏணியை நான் கணக்கில எடுத்துக்கலை," என்றார் பொற்கொடி.

மாரப்பன் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு குடியிருப்புச் செயலாளருக்குப் போன் போட்டு, இன்றைக்குக் குளம் திறக்காது என்றார். செயலாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மாரப்பன் கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் தனியாளாகக் குளத்தைச் சுற்றித் தரையை உடைத்தார். ஏணி, கைப்பிடி, குளத்தின் கான்கிரீட்டுக்குள் இருந்த இரும்பு என எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தில் சேர்த்தார். மோட்டாரையும் சரிபார்த்தார். மீட்டர் வைத்து மூன்று தடவை சோதித்தபிறகே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் குழந்தைகள் வந்தார்கள். ஏணியைப் பிடித்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மாரப்பனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பொற்கொடி போனில் கேட்டார். "உங்களைத் தேடி யாராவது வந்தாங்களா?"

மாரப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரும் வரலைங்க மேடம்," என்றார்.