வெற்றிலையில் தெரிந்த போர்

முன்னொரு காலத்தில், மந்திரத்துக்கு மழையும் கட்டுப்பட்ட காலத்தில், குன்றநாடு, துறைநாடு என்று இரண்டு நாடுகள் இருந்தன. ஒருவருக்கு ஆபத்தென்றால் மற்றவர் ஓடிவர வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். குன்றநாட்டு அரசன் செம்மாறன். அவன் தங்கை வெயினியை மணந்தவன் துறைநாட்டு அரசன் திரையன்.

இரண்டு நாட்டுக்கும் நடுவே, ஆற்றங்கரையில் இரண்டு சிற்றரசுகள் போரில் இறங்கின. அந்தச் சமயத்தில் ஒரு மந்திரவாதி இரு அரசர்களிடமும் போய், "இந்த மையை வெற்றிலையில் தடவிப் பாருங்கள், போர் அப்படியே தெரியும்" என்று ஆளுக்கொரு டப்பா கொடுத்தான்.

செம்மாறன் பார்த்தான். பெருந்தீ ஒன்று மலையேறி வந்துகொண்டிருந்தது. "உடனே உன் படையை அனுப்பு" என்று திரையனுக்குத் தூது விட்டான்.

திரையன் பார்த்தான். வாய்க்கால் வரப்பில் நாலு பேர் கட்டிப் புரண்டார்கள். "பங்காளிச் சண்டை, தானாக அடங்கும். உன் அண்ணனுக்கு எதற்கெடுத்தாலும் பயம்" என்று வெயினியிடம் சொல்லிவிட்டு, படை வராது என்று தூதனைத் திருப்பி அனுப்பினான்.

"நட்பை மறந்தவனோடு இனி எனக்கென்ன உறவு?" என்று மலையிலிருந்து பதில் வந்தது.

வெயினிக்குச் சோறு இறங்கவில்லை. தானே வெற்றிலையை எடுத்துப் பார்த்தாள். அதில் ஆற்றங்கரையே இல்லை. அண்ணனும் கணவனும் வாளோடு எதிரெதிரே நின்றார்கள். பிறகுதான் உறைத்தது. 'இது நடக்கவேயில்லையே. நான் பயந்ததுதானே தெரிகிறது? இந்த மை காட்டுவது பார்க்கிறவர் மனசை.'

சொன்னால் இருவரும் நம்பமாட்டார்கள். "நான் ஆற்றங்கரையில் இருக்கிறேன், அங்கே வாருங்கள்" என்று இருவருக்கும் சொல்லியனுப்பிவிட்டுப் படகேறினாள்.

அங்கே மூன்று ஊர்கள் கரிந்து கிடந்தன. நாலாவது ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். காலில் கட்டுப் போட்ட வீரன் ஒருவனிடம், "இன்னும் ஏனப்பா போர்?" என்று கேட்டாள்.

"முதலில் நிறுத்தினவன் தோற்றவன் ஆகிவிடுவானே, தாயே. வெளியே இருந்து பெரியவர்கள் யாராவது வந்து நிறுத்தச் சொன்னால் போதும்."

பதறிக்கொண்டு அண்ணன் வந்தான், கணவனும் வந்தான். வெயினி இருவரையும் எரிந்த ஊர்களுக்குள் அழைத்துப் போனாள். கரிந்த தூளி ஒன்றின் முன்னால் திரையன் நின்றுவிட்டான். "வெற்றிலையில் எனக்கு இது தெரியவே இல்லை" என்றான். நாற்று நட்டவர்களைப் பார்த்து, "எனக்கு இவர்கள் தெரியவில்லை" என்றான் செம்மாறன். அந்த நொடியே இருவர் மடியிலும் இருந்த மை தண்ணீராய் ஒழுகிப் போனது.

இருவரும் போய்ப் போர்க்களத்தின் நடுவில் நின்றார்கள். அம்புகள் நின்றன. ஊர்களைக் கட்டிக்கொடுக்க மலையிலிருந்து மரம் வந்தது, துறைநாட்டிலிருந்து நெல் வந்தது. தன் வெற்று மை டப்பாவோடு மந்திரவாதி எங்கேயோ போய்ச் சேர்ந்தான். ஆற்றங்கரை மக்கள் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் வெயினி என்று பெயர் வைத்தார்கள்.

"நல்லவேளை, சரியான நேரத்தில் வந்தோம்" என்றான் செம்மாறன், விருந்தில் உட்கார்ந்து.

"இரண்டு நாள் கழித்து வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது" என்றான் திரையன்.

வெயினி இருவர் இலையிலும் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள்.