கொம்பையா அருவியில் கார் ஏற்றிய கதை

காதுல கிடக்கிற கம்மலைக் கழட்டிப் பத்திரமா வச்சுட்டுக் கேளுங்க. கொம்பையா பேச்சுல அடிக்கிற காத்து அப்படி. மாட்டியிருக்கிறதைப் பறிச்சுட்டுப் போயிரும்.

மேலப்புளியூர் கொம்பையா நல்ல மனுசன்தான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவரைக் கேட்டா, பொய்யும் கிடையாது. நடந்ததை ராத்திரி முழுக்க ஊறப் போட்டுட்டுக் காலையில எடுத்துச் சொல்லுவார், அவ்வளவுதான். ஊறுன பயறு உப்பத்தானே செய்யும்?

அந்த உப்பலால அவர் மகள் சண்முகக்கனிக்கு ரெண்டு சம்பந்தம் கைவிட்டுப் போயிருந்தது. முதல்ல வந்தவங்ககிட்ட, தன் தோட்டத்து வெண்டைக்காயை ஏணியாச் சாத்தித்தான் தென்னை மரம் ஏறுறதாச் சொன்னார். ரெண்டாவது வந்தவங்ககிட்ட, ஊர்க் கிணத்துல முங்கிப் பக்கத்து ஊர்க் கிணத்துல எந்திரிச்சு, அங்கேயே ஒருத்தர் வீட்டுல காப்பி குடிச்சுட்டு பஸ்ல திரும்பி வந்ததாச் சொன்னார். ரெண்டு கூட்டமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச்சு. கை நனைக்காம எந்திரிச்சுப் போயிருச்சு.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பொண்ணு பார்க்க வர்றவங்க தண்ணி வாங்கிக் குடிப்பாங்க. பலகாரம் மட்டும் தட்டுல அப்படியே இருக்கும். அதுல கை வச்சுட்டா, பொண்ணு பிடிச்சிருக்கு, பேசி முடிக்கலாம்னு அர்த்தம். கனி ரெண்டு தடவையும் வடைத் தட்டு போன மாதிரியே அடுப்படிக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தவள்.

இந்தத் தடவை வர்றது ஆலடிக்குளத்து வேலாயுதம் வீட்டு ஆளுங்க. அவன் பம்புசெட்டு மெக்கானிக். கனி அவனை ஏற்கெனவே ஒரு நாள் பார்த்திருந்தாள். தோள்ல மோட்டாரைச் சுமந்துக்கிட்டு, முழி பிதுங்க வர்றான். எதிரே ஒரு ஆட்டுக்குட்டி. அதுக்கு ஒதுங்கி வழி விட்டுட்டு அப்புறம் நடந்தான். அன்னைக்கே கனிக்கு அவன் மேல ஒரு இது. அவனுக்கே பொண்ணு கேட்டுத் தரகர் வரவும், அவளுக்கு மூணு நாள் சோறு இறங்கலை. பயமெல்லாம் அப்பாவோட வாய் மேலதான்.

அம்மா பேச்சித்தாயி விடியக்காலையிலேயே புருசனைச் சாமி படத்து முன்னால நிறுத்திட்டாள்.

"இந்தாருங்க, இன்னைக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சூடத்துல அடிச்சுச் சொல்லுங்க."

"மூச்சு விடலாமா?"

"மூக்கு வழியா விடுங்க."

சூடத்துல அடிச்சார். வந்தவங்க மூணே பேர். மாப்பிள்ளை, அவன் அம்மா ஆவுடையம்மாள், அவளுக்கு மூத்த அண்ணன் பரமசிவம். இவர் பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காம ஏறினவனைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். கல்யாணப் பேச்சுல அந்த வீட்டுல அவர் வச்சதுதான் சட்டம்.

கொம்பையா கும்பிட்டார், உட்கார்ந்தார், சிரிச்சார். வாயத் திறக்கலை. கதவிடுக்கு வழியாப் பார்த்துக்கிட்டு நின்ன கனி சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சு நிமிசம். எட்டு. பதினொண்ணு. அப்பாவோட கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு நிக்குது. 

பரமசிவம் சும்மா பேச்சுக்கு ஒண்ணு கேட்டார். "வாசல்ல காரு நிக்கே. ஓட்டத் தெரியுமா அண்ணாச்சி?"

அடுப்படியில பேச்சித்தாயி கையில இருந்த கரண்டி கீழே விழுந்தது.

"தெரியுமாவா?" கொம்பையா நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டார். "அண்ணாச்சி, போன தை மாசந்தான் கத்துக்கிட்டேன். ஒரே மத்தியானம். சொல்லிக் குடுக்க வந்த பயலை எடது பக்கம் உக்கார வச்சு மூணு ரவுண்டு அடிச்சேன், கேட்டியளா. நாலாவது ரவுண்டுல அவன் கும்பிட்டுட்டான். 'அண்ணாச்சி, நீங்க ஓட்டுங்க, நான் கத்துக்கிடுதேன்'னுட்டு, பீஸை என் பையில சொருகிட்டுப் போயிட்டான்."

"லைசென்ஸ்?" கண்டக்டர் விடலை.

"எட்டுப் போடச் சொன்னாங்க. போட்டேன். எறங்கிப் பாத்த ஆபீசரு கண்ணுல தண்ணி. மண்ணுல டயர் தடம் அச்சுல வார்த்த மாதிரி கெடக்கு. அதைச் சுத்தி வேலி போட்டுட்டாங்க. இன்னைக்கும் அந்த ஊரு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைய அந்தத் தடத்துல வெரலை வச்சுத்தான் எட்டு எழுதப் பழகுது."

ஆவுடையம்மாள் சேலை முந்தானையை வாயில வச்சுக்கிட்டாள். சிரிப்பா, எரிச்சலான்னு கனிக்குத் தெரியலை.

"சரி," பரமசிவம் காலை மடக்கிக்கிட்டார். "ஓட்டி எங்க போனிய?"

"குத்தாலம். குடும்பத்தோட. பத்தொம்பது பேரு."

"ஓவர்லோடு!" முப்பது வருசம் விசில் ஊதின வாய், தானா வந்துருச்சு. "காருல பத்தொம்பது பேரா?"

"முன்னால அஞ்சு, பின்னால எட்டு, டிக்கியில மச்சினன் குடும்பம் அஞ்சு. ஆச்சா பதினெட்டு? எங்க அத்தைக்குக் கனத்த சரீரம். எங்கயும் எடமில்ல. என் மடியில உக்கார வச்சுக்கிட்டுத்தான் ஓட்டுனேன்."

"மாமியா மடியில இருந்தா ரோடு எப்படிவே தெரிஞ்சுது?"

"எனக்கு எதுக்கு ரோடு தெரியணும்? ரோட்டுக்குத்தான் என்னைத் தெரியுமே."

கனி நெத்தியில அடிச்சுக்கிட்டாள். அந்தக் குத்தாலப் பயணம் அவளுக்கு நல்லாவே ஞாபகம். வாசல்ல நிக்கிற இதே காருதான், சித்தப்பாவோட பழைய காரு. அதுல ஆறே பேர். அப்பாவுக்கு முதல் கியரைத் தாண்டப் பயம். காலையில ஆறு மணிக்குக் கிளம்பினவங்களைக் கரும்புச்சாறு வண்டி தள்ளிட்டுப் போனவன் ரெண்டு தடவை முந்திட்டான். ரெண்டாவது தடவை நின்னு, "தள்ளி விடட்டுமா?"ன்னும் கேட்டான். போய்ச் சேர்றதுக்குள்ள பசி தாங்காம, கட்டிட்டுப் போன புளிச்சோத்தை வழியிலேயே சாப்பிட்டு, வெத்துத் தூக்குவாளியோட அருவிக்குப் போனாங்க. அதுலயும் ஒரு சந்தோசம் இருந்தது. ஆனா அதைச் சொன்னா யார் கேட்பாங்க?

கொம்பையா கதையில கார் பறந்துக்கிட்டு இருந்தது.

"வீட்டுல புளிச்சோத்துக்குத் தாளிச்சா இவ. கடுகைப் போட்டா. அது வெடிக்கதுக்குள்ள சட்டியோட தூக்கி வண்டியில வச்சுக் கெளம்பிட்டோம். குத்தாலத்துல எறங்கிச் சட்டியைத் தொறக்கோம், அப்பந்தான் கடுகு படபடன்னு வெடிக்கு. பக்கத்துல நின்ன போலீஸ்காரரு பட்டாசுன்னு ஓடி வந்துட்டாரு."

"அண்ணாச்சி, நான் அந்த ரூட்டுல ஆறு வருசம் போனவன். பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம்."

"பஸ்ஸுக்கு நெழலு கூட வரும் அண்ணாச்சி. எனக்கு வரலை."

"என்னது வரலை?"

"வண்டி நெழலு. நான் போன வேகத்துக்கு அதால ஓடி வர முடியலை. வழியில தங்கிட்டு. நாங்க எறங்கி நிக்கோம், உச்சி வெயிலு, எங்க யாரு காலடியிலயும் நெழலு இல்ல. பாக்கவங்கல்லாம் பேய்க்கூட்டம்னு பிள்ளையளத் தூக்கிட்டு ஓடுதாங்க. அரை மணி நேரங்கழிச்சு ஒண்ணொண்ணா வந்து சேருது. எங்க அத்தை நெழலுதான் கடைசி. பாவம், மூச்சு வாங்குது. ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனோம், மடமடன்னு குடிச்சுது."

"தரை குடிச்சிருக்கும்!"

"நாங்க நின்னது பாறையில."

கதவிடுக்குல இருந்து கனி பார்த்தாள். கண்டக்டர் கண்ணு கொம்பையா வாய் மேலயே இருக்கு; வலது கை மட்டும் தன்பாட்டுக்கு நகருது. தட்டுக்குப் போச்சு. ஒரு உளுந்த வடையை எடுத்துச்சு. வாய்க்குப் போச்சு. மென்னுக்கிட்டே, "பொறவு?"ன்னார்.

கனி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்துட்டாள். ரெண்டு பேரும் மூச்சுக் காட்டலை. வாழ்க்கையிலேயே முதல் தடவையா, அப்பா பேச்சை நிறுத்திரக் கூடாதேன்னு கனி சாமியைக் கும்பிட்டாள்.

"பொறவென்ன, திரும்பலாம்னு வண்டிய எடுத்தா பிரேக்கு பிடிக்கலை. எதுக்க மெயினருவி. அடியில சனம் குளிச்சிட்டு நிக்கி. எடது பக்கம் போனா கடை, வலது பக்கம் போனா கோயிலு. யோசிச்சேன். ரெண்டாவது கியரைப் போட்டேன். அருவியில ஏத்திட்டேன்."

"அருவியிலயா!" பரமசிவம் ரெண்டாவது வடையைக் கடிச்சார்.

"நேரா. தண்ணி கீழ வருது, நான் மேல போறேன். பாதித் தூரத்துல வைப்பர் போட்டேன். கீழ பத்து நிமிசம் ஒரு சொட்டுத் தண்ணி விழலை. தலை நெறைய எண்ணெயத் தேச்சுக்கிட்டு எரநூறு பேரு அண்ணாந்து பாத்துட்டு நிக்கான்."

"அண்ணே." ஆவுடையம்மாள் குரல் மெதுவாத்தான் வந்தது. "கையில என்ன அது?"

பரமசிவம் குனிஞ்சு பார்த்தார். பாதி வடை. உதட்டோரம் ஒரு மிளகு. வேலாயுதம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், தோள் மட்டும் குலுங்குது.

கண்டக்டர் முகம் செவந்து போச்சு. முப்பது வருசத்துல ஒருத்தன் அவரை ஏமாத்தி இறங்கினதில்லை. "நானாத் திங்கலை. இவரு பேச்சு தின்ன வச்சுட்டு. இது செல்லாது!"

"அதெப்படி அண்ணாச்சி," பேச்சித்தாயி அடுப்படியில இருந்து பாய்ஞ்சு வந்தாள். "ஒண்ணரை வடை உள்ள போயிருக்கே."

"இருங்கம்மா. ஒரு நியாயம் சொல்லுதேன். கதை நெசம்னா வடையும் நெசம். நான் கை நனைச்சது நனைச்சதுதான். கதை பொய்யின்னா, நான் தின்னதும் பொய்யி. எந்திரிச்சுப் போயிட்டே இருப்போம். பொண்ணைக் கூப்பிடுங்க. அந்தப் பிள்ள வாயால சொல்லட்டும்."

கனி வெளியே வந்தாள். பரமசிவம் எழுந்தே நின்னுட்டார்.

"ஏம்மா, முறைக்கு நான் ஒனக்குப் பெரியப்பா ஆகணும். பொய் சொல்லாத. ஒங்கப்பா அருவியில காரு ஏத்துனாரா, இல்லியா?"

கனி அப்பாவைப் பார்த்தாள். கொம்பையா தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். இவ்வளவு நேரம் பறந்த மனுசன், வேட்டி முனையை விரல்ல சுத்திச் சுத்தி அவுக்கிறார். மூணாவது தடவையும் மகளைக் கெடுத்துட்டோம்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. ஆமான்னு சொன்னா, வீடே புளுகுணி வீடுன்னு போயிருவாங்க. இல்லைன்னு சொன்னா, அப்பா இனி ஊர்ல வாயத் திறக்கவே மாட்டார். அந்த வாயில்லாத அப்பாவை நினைச்சுப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கலை. ஓரக்கண்ணால வேலாயுதத்தைப் பார்த்தாள். அவனும் இவளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தான், ஆட்டுக்குட்டிக்கு வழி விட்ட அதே முகத்தோட.

"இல்ல பெரியப்பா," கனி சொன்னாள். "எங்கப்பா ஏத்தலை."

பேச்சித்தாயி கண்ணை மூடிக்கிட்டாள்.

"ஏத்துனது நான். எங்கப்பா பின்சீட்டுல ஆச்சி சேலைக்குள்ள மொகத்தப் பொத்திக்கிட்டுக் கெடந்தாரு. ரெண்டாவது கியருன்னு சொன்னாருல்லா, அதுவும் தப்பு."

பரமசிவம் வாய் தானாத் திறந்தது. "பொறவு எந்தக் கியரு?"

"ரிவர்ஸு. முன்பக்கமா ஏறுனா கண்ணாடியில தண்ணி அடிச்சு வழி தெரியாதுல்லா? அதான் திருப்பிப் பின்பக்கமா ஏத்துனேன். அப்பா வைப்பர் போட்டதாச் சொன்னதெல்லாம் சும்மா, பெருமைக்கு."

கொம்பையா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு பெருமை அவர் முகத்துல அதுக்கு முன்னால யாரும் பார்த்ததில்லை.

கண்டக்டர் நாற்காலியில பொத்துனு உட்கார்ந்தார். "எல, வேலு," தங்கச்சி மகனைப் பார்த்தார். "நீ கேட்டியால? என்னல சொல்லுத?"

வேலாயுதம் தொண்டையைச் செருமினான். வந்ததுல இருந்து அவன் பேசுற முதல் பேச்சு.

"மாமா, எனக்கு இப்பந்தான் வெளங்குது. தை மாசம் ஒருநாள், குத்தாலத்துல தண்ணி நின்னுட்டு, மோட்டாரு ரிப்பேரு, ஓடி வான்னு எனக்குப் போன் வந்துது. ஸ்பேனர எடுத்துக்கிட்டு அருவிக்குப் பின்னால பாதி தூரம் ஏறிட்டேன். மேல ஒரு காரு பின்பக்கமாப் போய்க்கிட்டு இருக்கு. உள்ள ஓட்டுன பிள்ள ஹாரன் அடிச்சு, ஒதுங்கச் சொல்லுச்சு. ஒதுங்குனேன்."

பரமசிவம் மருமகனைப் பார்த்தார், கனியைப் பார்த்தார், கொம்பையாவைப் பார்த்தார். கையில மிச்சமிருந்த பாதி வடையைப் பார்த்தார். அதை வாயில போட்டுக்கிட்டு, கடைசி டிக்கெட்டையும் கிழிச்சுக் குடுத்து முடிச்ச மாதிரி ரெண்டு கையையும் தட்டினார்.

ஆவுடையம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நிதானமா ஒரு வடையை எடுத்தாள். பிய்ச்சாள், கடிச்சாள், மென்னு முழுங்கினாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கிட்டு நிக்க, பேச்சித்தாயி பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"வடையில உப்பு கம்மி, சம்மந்தி."