இன்னும் கரை திரும்பவில்லை

“நம்மளை ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான் மேடம்” என்றார் திருமேனி.

சட்டை நனைந்திருந்தது. குமட்டும் நாற்றம்.

ஜுலைகா நிமிரவில்லை. ‘கடலோரம்’ மாலைப் பத்திரிகையின் செய்தி ஆசிரியர். கையில் சிவப்புப் பேனா.

“என்ன ஆச்சு?”

“குப்பத்துக்குள்ள கால் வைக்கலை, ஒரு பொம்பளை மீன் கழுவின தண்ணியைத் தூக்கி அப்படியே ஊத்திட்டா. ‘வந்துட்டான்டி பொய்ச்சேதிக்காரன்’ங்கிறா.”

“என்ன மீன்?”

“என்னது?”

“என்ன மீன் கழுவின தண்ணி?”

திருமேனி விழித்தார். “தெரியலையே மேடம்.”

“உங்க மேலயே ஊத்தியிருக்காங்க. அதுவே தெரியலை.”

திருமேனிக்குச் சுள்ளென்று வந்தது. டிவியில் வருஷக்கணக்காக மைக் பிடித்தவர். இந்த அம்மாளைவிட வயதில் மூத்தவர். இருந்தும் வாயை மூடிக்கொண்டார். காரணம் இருந்தது. தனக்கு மீன் தண்ணீர் ஊற்றுகிற அதே குப்பத்தில் இந்த அம்மாளுக்கு நாற்காலி போடுகிறார்கள். அது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிச் சம்பளத்துக்கு இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

குப்பத்துக்காரர்களின் கோபத்தில் தப்பில்லை. சூறைக்காற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. அதில் போயிருந்தது மூன்று பேர். மூவரும் பலி என்று டிவியில் ஓடியது. படத்துக்கு மாலை, பக்கத்தில் விளக்கு எல்லாம் போட்டு. அதில் இரண்டு பேர் வேறு படகில் ஏறித் தப்பி, பக்கத்து ஊரில் இறங்கி, டீக்கடையில் வடை தின்றுகொண்டே தங்கள் சாவைப் பார்த்தார்கள். அதற்குள் ஒருவனுடைய தாய் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மூன்றாவது ஆள் அஞ்சப்பன். அவனைப் பற்றித்தான் சேதி இல்லை.

“அஞ்சப்பன் மேட்டர் எழுதிட்டேன்” என்று தாளை நீட்டினார் திருமேனி.

‘அஞ்சப்பனின் உடல் கரை ஒதுங்கியதாகக் கூறப்படுகிறது. இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு நிலவுகிறது.’

ஜுலைகா படித்தார்.

“பரபரப்பு எப்படி இருந்துச்சு? என்ன கலர் சட்டை?”

“மேடம், வழக்கமாப் போடறதுதானே.”

அந்த வரியின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அடுத்து, பேனா ‘கூறப்படுகிறது’ என்ற சொல்லில் நின்றது.

“யார் கூறினாங்க?”

“ஸ்டேஷன்ல.”

“ஸ்டேஷனுக்கு யார் கூறினாங்க?”

“அதெல்லாம் கேக்கலை.”

“கேட்டுட்டு வாங்க. சட்டையை மாத்திட்டுப் போங்க.”

போனார். ஏட்டையா பல் குத்திக்கொண்டிருந்தார். “ஐஸ் கம்பெனியில பேசிக்கிட்டாங்க சார்.”

ஐஸ் கம்பெனிக்குப் போனார். “டீக்கடையில சொன்னாங்களேண்ணே.”

டீக்கடைக்குப் போனார். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “காலைல பைக்ல ஒரு ஆள் வந்தாரு சார். ‘அஞ்சப்பன் பாடி ஒதுங்கிடுச்சாமே, எந்தப் பக்கம்’னு கேட்டாரு. அப்பத்தான் எங்களுக்கே தெரியும்.”

“யாரு அந்த ஆளு?”

மாஸ்டர் கையை நிறுத்தினார். திருமேனியை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், நீங்கதானே?”

திரும்பி வந்தபோது ஜுலைகா அதே இடத்தில்தான் இருந்தார்.

“யார் கூறினாங்க?”

“நான்தான் மேடம்.”

ஜுலைகா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் திருமேனிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

“உங்களுக்கு என்ன தெரியுமோ அதை எழுதுங்க.”

திருமேனி தாளை இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார்.

‘அஞ்சப்பன் இன்னும் கரை திரும்பவில்லை.’

“இவ்வளவுதான் மேடம் தெரியும்.”

“இவ்வளவுதான் போடுவோம்.”

மற்ற பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அழுதன. ‘கடலோரம்’ பேப்பரில் ஒற்றை வரி. “பேப்பரா இது, பஸ் டிக்கெட்டா?” என்று கடைக்காரர்கள் கட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

குப்பத்தில் வேறு கதை நடந்தது. பேப்பரிலேயே வந்துவிட்டது, கருமாதியை முடித்துவிடலாம் என்று ஊர்ப்பெரியவர்கள் கூடினார்கள். அஞ்சப்பன் மனைவி தையல்நாயகி ‘கடலோரம்’ பேப்பரை விரித்துப் பிடித்தாளாம்.

“எடிட்டரம்மா திரும்பலைன்னுதான் போட்டிருக்கு. செத்துட்டாருன்னு போடலை. தாலியில எவனாவது கை வைங்க பாப்போம்.”

யாரும் வைக்கவில்லை.

மறுநாள் திருமேனி கேட்டார். “நேத்துப் போட்ட வரியையே போட்டுடலாமா மேடம்?”

“நேத்துத் திரும்பலை. இன்னைக்கும் திரும்பலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

திருமேனி பைக்கை எடுத்தார்.

தினமும் போனார். வலை பிரிக்கிறவர்களிடம் கேட்டார், ஏலக்காரரிடம் கேட்டார், மடக்கி மடக்கிக் கேட்டார். தினமும் அதே வரியை எழுதினார். முதலில் திட்டினார்கள். பிறகு திட்டுவதற்குச் சலித்துப்போய், “இன்னும் இல்லை சார்” என்று தாங்களாகவே சொன்னார்கள். ஒருநாள் மீன்தண்ணீர்க்காரியே கூப்பிட்டாள்.

“யோவ், வெயில்ல ஏன்யா அலையுற? இங்க வந்து நில்லு.”

“அன்னைக்கு ஊத்தினியே, அது என்ன மீனு?”

“கெளுத்தி. ஏன், இன்னும் வீசுதா?”

பிறகு ஒரு காலையில், தெற்கே வெகுதூரம் தள்ளி, ஒரு உடல் ஒதுங்கியது. முகம் இல்லை. போலீஸ் அஞ்சப்பன் என்றது. திருமேனி பிணவறைக்குப் போய்வந்து எழுதினார். ‘கையில் மனைவியின் பெயர் பச்சை குத்தப்பட்டிருந்தது.’

ஜுலைகா பேனாவை எடுத்தார்.

“இதைப் போலீஸ் சொன்னாங்களா, நீங்க படிச்சீங்களா?”

திருமேனி தரையைப் பார்த்தார். “நாத்தம் தாங்கலை மேடம். கதவுகிட்டயே நின்னுட்டேன்.”

ஜுலைகா தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

திருமேனி மறுபடி போனார். இந்தத் தடவை வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“படிச்சேன்.”

ஜுலைகா அந்த முகத்தையே பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

“அச்சுல ஏத்தறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும்.”

“போலீஸ் சொல்லியாச்சாம். நம்பலையாம்.”

“அதனாலதான் சொல்றேன்.”

“நீங்க வாங்களேன் மேடம். நீங்க சொன்னா நம்புவாங்க.”

“நான் பாக்கலையே.”

அவ்வளவுதான். திருமேனி தனியாகப் போனார்.

தையல்நாயகி வீட்டு வாசலில் கூட்டம். ஏட்டையா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிணவறைக்குப் போய்வந்த சொந்தக்காரர்கள் தலைகுனிந்து நின்றார்கள். துணியை விலக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அவர்கள். தையல்நாயகி வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பொட்டு ஈரம் இல்லை.

“அன்னைக்கு மூணு பேரும் போயிட்டாங்கன்னும் இப்படித்தான் வந்து சொன்னாங்க” என்றாள். “என் பேரு கையில இருக்காம். இந்தக் கரையில எத்தனை தையல்நாயகி!”

திருமேனி செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். தினமும் வந்து, இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டு போகிற மனுஷன்.

“நீ பாத்தியா சார்?”

“பாத்தேம்மா.”

“கிட்டப் போயா?”

“கிட்டப் போய்த்தான்.”

“என் பேரு ஒழுங்கா எழுதியிருந்துச்சா?”

கேள்வி எதற்கென்று திருமேனிக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், அது வேறு யாருடைய கையோ என்றாகிவிடும். இவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பாள்.

“இல்லம்மா” என்றார் திருமேனி. “‘ல்’ விட்டுப்போயிருந்துச்சு. தையநாயகின்னு இருந்துச்சு.”

தையல்நாயகி உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

“மாசி மகத்துல குத்திக்கிட்டு வந்து நின்னுச்சு, எழுதப் படிக்கத் தெரியாத மனுசன். என் பேரையே கொன்னுட்டியேன்னு எத்தனை திட்டு…”

கை மெல்ல எழுந்து கழுத்துக்குப் போனது.

இந்த ஒரு தடவை, என்னை நம்பாதேம்மா என்று திருமேனி மனசுக்குள் கெஞ்சினார்.

அவள் நம்பிவிட்டாள்.