மூப்பரின் பெஞ்சு

கடலோர ஊர் ஒன்றில் கிறிஸ்தவச் சபை பெருகிவிட்டது, கோயில்தான் பெருகவில்லை. ஞாயிறுதோறும் உப்பளத்துக் குடும்பங்கள் வெளியே வெயிலில் நின்றே ஆராதித்தன. இனி வரும் காலத்துக்குத் திட்டம் போடச் சபை கூடியது.

மூப்பர் ஞானாபரணம் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் சுவரில் ஓடும் பல்லிகூட நின்றுவிடும். "உள்ளே இடமில்லே. உப்பளத்து ஆளுகளுக்கு ஊருக்கு வெளியே தனி ஜெபவீடு கட்டிருவோம். அதுதாம் வளர்ச்சி!"

கோயிலைக் கூட்டிப் பெருக்கும் வேதக்கண்ணு எழுந்தாள். அவளும் உப்பளத்துக்காரிதான். "எங்களைப் பிரிச்சிராதீய ஐயா."

"அப்போ ஒரு செங்கல் வைக்காம, வாற ஞாயிறு எல்லாரையும் உள்ளே உக்கார வையி பாப்போம். முடியலைன்னா ஜெபவீடுதாம்!"

"சரிங்கய்யா" என்றாள். போதகரும் தலையசைத்தார்.

ஞாயிறன்று மூப்பர் வழக்கம்போல முதல் பாட்டு முடிந்த பிறகே வந்தார். வெளியே ஒருவரும் நிற்கவில்லை. உள்ளே சபை முழுவதும் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பாயில் உட்கார்ந்திருந்தது. ஊர்ப் பெரிய குடும்பங்களின் பெயர் எழுதப்பட்டு, எப்போதும் பாதி காலியாகவே கிடக்கும் பெஞ்சுகளெல்லாம் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தன.

"ஏட்டி, எம் பெஞ்சு எங்கே?"

"மரத்தடியில, நல்ல நிழல்லதாம் கிடக்கு ஐயா. உள்ளே ஆளுகளுக்கெல்லாம் இடம் இருக்கு. பெஞ்சுக்குத்தாம் இல்லே."

யாரும் சிரிக்கவில்லை. போதகர் வேதத்தை விரித்தபடி காத்திருந்தார். மூப்பர் மரத்தடியைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

உப்பளத்துப் பெண் ஒருத்தி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பாயில் இடம் விட்டாள்.